டாக்டர் சின்னையனின் ஏழாம் அத்தியாயம்

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு எங்களையெல்லாம் கண்காணிக்கும் விழாத் தலைவர், வழக்கறிஞர் பெரியண்ணன் அவர்களே! மாலைக் குவியலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிய வீற்றிருக்கும் பொருளாதார ஆராய்ச்சியாளர் டாக்டர் சின்னையன் அவர்களே! சித்திரை வீதிகளிலிருந்து விசிறியோடு வந்திருக்கும் பெரியோர்களே! ஷிப்டு முடிந்த கையோடு சைக்கிளை மிதித்துக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்திருக்கும் பொன்மலைத் தோழர்களே! மணலில் இடம்பிடித்து, மடியில் பிள்ளையைக் கிடத்தியிருக்கும் தாய்மார்களே! பாலக்கரையில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிப் பிழைக்கும் அற்புதம்மாளின் அன்பு வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

எனக்கு முன் பேசிய மூவரும் டாக்டரை மலை என்றார்கள், கடல் என்றார்கள், கலங்கரை விளக்கம் என்றார்கள். இன்று தமிழில் வெளிவரும் அவருடைய புத்தகத்தை மூவருமே படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. சிரிக்காதீர்கள். படித்தவர்கள் மட்டும் சிரிக்கலாம். பாருங்கள், பந்தலே அமைதியாகிவிட்டது!

யார் இந்தச் சின்னையன்? பொன்மலை ரயில்வே பட்டறையில் கொல்லுலையில் நின்றவரின் மகன். ஐம்பத்தொன்றில் லண்டனுக்குக் கப்பலேறினார். எதை ஆராய்ந்தார்? ஒரு நாட்டுப் பணத்தின் மதிப்பு இறங்கினால், அந்த நாட்டுச் சரக்கு வெளிநாட்டில் எவ்வளவு கூடுதலாக விற்கும் என்பதை ஐந்தாண்டுகள் ஆராய்ந்தார். டாக்டர் பட்டத்தோடு திரும்பியவரிடம் பொன்மலைக் குவார்ட்டர்ஸ்காரர்கள் இருமலுக்கு மருந்து கேட்டார்கள். பனங்கற்கண்டு சாப்பிடச் சொன்னாராம். அவர் வழங்கிய ஆலோசனைகளில் அது ஒன்றுதான் இன்றுவரை பிழையில்லாமல் பலிக்கிறது!

பிறகு டெல்லிக்குப் போனார். பெரிய ஆராய்ச்சி நிறுவனம், பெரிய நாற்காலி. ஐம்பத்தொன்பதில் ஒரு புத்தகம் எழுதினார். நம் ரூபாய்க்கு இல்லாத உயரத்தைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம், அதை இறக்கினால் நம் சரக்கு கப்பல் கப்பலாகப் போகும் என்றார். கட்டம் போட்டார், கோடு போட்டார், கோடு மேலே மேலே ஏறியது. அறுபத்தாறு ஜூன் மாதம் சர்க்கார் ரூபாயின் மதிப்பை உண்மையிலேயே இறக்கியது. டாக்டரைக் கேட்டுக்கொண்டா இறக்கினார்கள்? இல்லை. ஆனால் டாக்டர் மகிழ்ந்தார். ஏழு வருஷமாகச் சொன்னது நடந்துவிட்டதல்லவா!

அந்த மகிழ்ச்சியோடு சொந்த ஊரில் சொற்பொழிவாற்ற வந்தார். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மண்டபம். அங்கே நானும் போயிருந்தேன். அறிவு பெறவா போனேன்? இல்லை, வேலையில்லாமல் போனேன்!

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செயற்கை வைரத்துக்கான கச்சாக் கல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டி, சுழலும் சாணையில் பிடித்து, ஒவ்வொரு கல்லுக்கும் நாங்கள் பட்டை தீட்டுகிறோம். தீட்டிய கல் மறுபடி வெளிநாடு போகிறது. ரூபாய் இறங்கியதும் என்ன ஆயிற்று? கச்சாக் கல்லின் விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. தீட்டிய கல்லை வாங்கும் வெளிநாட்டு வியாபாரியோ, உங்கள் பணம்தான் மலிந்துவிட்டதே, விலையைக் குறை என்று கடிதம் போட்டான். சரி, கூடுதலாக விற்றுச் சமாளிக்கலாம் என்றால், கச்சாக் கல் சர்க்கார் தரும் இறக்குமதி லைசென்சில் குறித்த அளவுக்கு மேல் ஒரு கல்கூட வராது. மேலேயும் அடி, கீழேயும் அடி, நடுவில் எங்கள் கூலி! எங்கள் சந்தில் மட்டும் முப்பத்தொரு பட்டறைகள். ஆறே வாரத்தில் இருபத்திரண்டு பட்டறைகளில் சாணை நின்றது.

சொற்பொழிவு முடிந்ததும் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"காலப்போக்குல எல்லாம் சரியாயிடும்மா" என்றார்.

"அந்தக் காலப்போக்குக்கு ஒரு தேதி சொல்லுங்க ஐயா. அதுவரைக்கும் அரிசிக் கடைக்காரர்கிட்ட தவணை கேக்கணும்" என்றேன்.

மண்டபம் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

மறுநாள் காலை எங்கள் சந்து முனையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். லீவு போட்டுவிட்டாராம். மூன்று மாதம், முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்! எத்தனை கல், எத்தனை நாள், எவ்வளவு கூலி, யார் நின்றார், யார் ஊரைவிட்டுப் போனார் என்று கேட்டார். கேட்டதையே மறுபடி கேட்டார். என் பக்கத்து வீட்டு ஷரீபா, "இந்த மனுசனுக்குக் காது மந்தமா?" என்று என்னிடம் விசாரித்தாள். தாமும் சாணையில் உட்கார்ந்து பார்த்தார். லண்டன் பட்டம் பெற்ற அந்தக் கை தீட்டிய ஒரே கல், பட்டை எங்கே முனை எங்கே என்று தெரியாமல் வெந்த பட்டாணி மாதிரி இருந்தது! அதைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது மாதக் கடைசியில் நோட்டை மூடிவிட்டு எங்கள் பட்டறை வாசலில் உட்கார்ந்தார். தம் பழைய புத்தகத்தில் சரக்கை விற்பவனை மட்டும் பார்த்ததாகவும், அந்தச் சரக்குக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவே இல்லையென்றும் சொன்னார். அந்தக் குரல் மேடைக்குரல் அல்ல. பரீட்சையில் தவறிய பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லும் குரல்.

டெல்லிக்குத் திரும்பி ஆங்கிலத்தில் புதிய புத்தகம் எழுதினார், இன்று தமிழில் வருவது அதுதான். அதில் ஏழாம் அத்தியாயத்துக்கு 'என் பிழை' என்று பெயர் வைத்தார். முதல் வரியிலேயே, ஐம்பத்தொன்பதில் நான் எழுதியது இத்தகைய தொழில்களுக்குப் பொருந்தாது, அது தவறு என்று எழுதினார். நிறுவனம் என்ன சொன்னது? புத்தகம் பிரமாதம், புதிதாகத் தொடங்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கு நீங்கள்தான் தலைவர், அந்த ஏழாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றது.

அந்தக் கடிதத்தோடு மறுபடி பாலக்கரைக்கு வந்தார். படித்துக் காட்டினார். தாய்மார்களே, அன்று இந்த அற்புதம்மாள் சொன்ன யோசனையை இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

"எடுத்துடுங்க ஐயா. பதவியில உக்காந்துட்டு எங்களுக்கு ஏதாச்சும் செய்யுங்க. அத்தியாயத்தையா நாங்க திங்கப்போறோம்?" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்தார்.

"பதவியில உக்காந்து செஞ்சா அது என் தயவும்மா. நான் போனா அதுவும் போயிடும். அச்சுல இருந்தா நாளைக்கு யார் வேணும்னாலும் எடுத்துக் காட்டிக் கேக்கலாம்" என்றார்.

அத்தியாயம் இருந்தது. பதவி போயிற்று. டெல்லி நண்பர்கள், சின்னையனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றார்களாம். இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்த வந்துவிட்டார். வீட்டில் அம்மையார் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி. அம்மையார் முன்வரிசையில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை, பாருங்கள்!

ஆனால் பட்டை தீட்டும் தொழிலாளர் சங்கத்தார் நாங்கள் அந்த அத்தியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம். லைசென்ஸ் அதிகாரியின் மேசைமேல் விரித்து வைத்தோம். நாங்கள் சொன்னால் அழுகை, அச்சில் இருந்தால் ஆதாரம்! ஒன்பது முறை நடந்தோம். இந்த வருஷம் உத்தரவு வந்தது. தீட்டிய கல்லை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், அதற்கு ஈடான கச்சாக் கல்லைக் கூடுதலாக வரவழைத்துக்கொள்ளலாம். நின்றுபோன இருபத்திரண்டில் பதினான்கு பட்டறைகள் மறுபடி ஓடுகின்றன. மீதி எட்டு? ஓடவில்லை. ஷரீபா குடும்பத்தோடு ஈரோட்டுக்குப் போனவள் போனவள்தான். முழு வெற்றி என்று முழங்கி உங்களிடம் கைதட்டல் வாங்க எனக்கு மனமில்லை.

பெரியோர்களே, சரியாகச் சொன்னவர்களுக்குச் சிலை வைக்கிறோம், சாலைக்குப் பெயர் வைக்கிறோம். தவறாகச் சொல்லிவிட்டு, தவறு என்று தெரிந்து, அதைத் தன் கையால் எழுதி, தன் பெயரைப் போட்டு, தன் பதவியையே விலையாகக் கொடுத்து அச்சடித்தவருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? பட்டம் உண்டா? பட்டயம் உண்டா? படித்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம், பழுதை ஒப்புக்கொண்டவர் எத்தனை பேர்? இந்தத் திருச்சி மண்ணில் ஒருவரை நான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

இன்னொன்றும் உண்டு. டாக்டர் அவர்களே, நான் உங்கள் தமிழ்ப் புத்தகத்தை அச்சகத்திலிருந்தே வாங்கி முழுசாகப் படித்தவள். தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில், பெண்கள் இந்த வேலையைத் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விடியுமுன் தண்ணீர் பிடித்து, பொங்கிவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பத்து மணி நேரம் சாணையில் குனிந்து, மறுபடி அடுப்புக்குத் திரும்புகிறவளுக்கு எது ஐயா ஓய்வு நேரம்? முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் ஒரு வீட்டிலாவது அதைக் கண்டீர்களா? அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும்.

பாருங்கள், பெண்களே, நன்றாகப் பாருங்கள். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார். பக்கத்தைத் தேடுகிறார். எழுதுகிறார்!

இடம் தந்த மன்றத்தாருக்கும், கடைசிவரை கால்கடுக்க நின்று கேட்ட பின்வரிசைக்கும் என் நன்றி. வணக்கம்.