ஆள் இருந்தாதான் முழிக்கும்

மத்தியானம் ரெண்டரை மணி. ராத்திரி இல்லபா, மண்டையப் பொளக்கற வெயிலு. தாமல் ஏரிக்கரை ரோடு... ஈ காக்கா இல்ல. பிரேம்நாத்து பைக்கை நிறுத்திட்டு போனைப் பாக்கறான். யாராச்சும் கம்ப்யூட்டரைத் தொட்டா வர்றா மாதிரி அவனே செட் பண்ணி வெச்ச மெசேஜு: ‘கம்ப்யூட்டரில் ஆள் இருக்கிறார்.’

சின்ன காஞ்சிபுரத்துல அவன் வீடு பூட்டிக் கிடக்குது. சாவி அவன் சட்டைப் பையில.

என் ஃபிரண்டு மாணிக்கவேல் இருக்கான்ல, அவன் தங்கச்சி புருஷன்தான் இந்த பிரேம். ஆன்டிவைரஸ் நிஜமா வேலை செய்யுதான்னு சோதிக்கறது அவன் வேலை. நிஜ வைரஸையே கம்ப்யூட்டர்ல உட்டுட்டு, புடிக்குதான்னு பாக்கணும். ஆனா அந்த வைரஸு இருக்குதே, பலே கில்லாடி. ஒரு மனுஷக் கை மவுஸை நகர்த்தற வரைக்கும் தூங்கறா மாதிரி நடிக்கும். ஒண்ணுமே இல்லாத புது கம்ப்யூட்டர்னா, சோதனைன்னு மோப்பம் புடிச்சுடும். முழிக்கவே முழிக்காது.

அதனால அந்த முட்டாள் இன்னா பண்ணான்? பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல உட்டான். ஜீவிதா... டெங்குல போயி ஆறு மாசம். சேலை டிசைன் போடுவா. தறிக்காரங்களுக்கு கலர் சொல்லி ரெக்கார்ட் பண்ணுவா, ‘கரைக்கு அரக்கு போடுண்ணா, உடம்பு மாம்பழ கலரு’ன்னு. நாப்பத்தி ஏழு ஃபைலு. அவ குரல்னு மிஞ்சினது அவ்ளோதான். எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்தான்... டிஸ்கைக் கழட்ட மறந்துட்டான். மவுஸை மட்டும் கழட்டி பீரோல வெச்சுட்டு, வந்து பாத்துக்கலாம்னு தாமலுக்கு ஒரு சாவுக்குப் போயிட்டான்.

மெசேஜைப் பாத்ததும் பறந்தான் பாரு... பூட்டு பூட்டுனபடி. கதவைத் தொறந்தா உள்ரூம்ல சத்தம். டிக்... டிக்... டிக். மவுஸ் அமுக்கற சத்தம்பா. கூடவே சீயக்காய் வாசனை, இப்பதான் யாரோ தலைக்கு ஊத்திக்கினா மாதிரி. உள்ள கால வெச்சான்... சத்தம் நின்னுடுச்சு. நாற்காலி காலி. மவுஸு பீரோலயேதான் கெடக்குது.

சிரிக்காத கிறிஸ்டோபரு. ஆன்டிவைரஸ் சரியாதான் புடிச்சிருக்குது. வைரஸு அழிக்க வர்ற ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘தடுக்கவா, விடவா?’ன்னு கேட்டிருக்குது. ஒவ்வொரு தடவையும் யாரோ ‘விடு’ அமுக்கி இருக்காங்க. கம்ப்யூட்டர்ல இருந்ததும் போச்சு, டிஸ்க்ல இருந்ததும் போச்சு. ஸ்கிரீனைக் கட்டிப் புடிச்சுக்கினு கத்தறான்... ‘ஏன்டி ஜீவி? அதையும் ஏன்டி எடுத்துக்கினு போன?’

அப்புறம் அவன் மனுஷனாவே இல்ல. தன் குரலையே நாப்பத்தி ஏழு ஃபைலா பேசி அந்த கம்ப்யூட்டர்ல போட்டான். திரும்ப வைரஸை உட்டான். தெனம் மத்தியானம் வீட்டைப் பூட்டிக்கினு, ஏரிக்கரை வெயில்ல போய் நிப்பான், மெசேஜ் வருமான்னு. சோறு தண்ணி இல்ல. வேலையும் போச்சு. பாக்க சகிக்கல எனக்கு.

ஒன்பதாம் நாள் வந்துச்சு.

மாணிக்கவேலும் கூட ஓடினான். அதே கேள்வி, நாப்பத்தி ஏழு தடவை. இந்த வாட்டி எல்லாத்துக்கும் ‘தடு’. ஒரு ஃபைலு கூட போகல.

‘பாத்தியா மச்சான்... அழிய உடல. அவளுக்கு என் குரல் வேணுமாம்’னு சொல்லிட்டு, பிரேம் உள்ரூம்ல தாப்பா போட்டுக்கினான். மூணு நாள் ஆவுது, தொறக்கல. இன்னைக்கு சாயங்காலம் நானே போயி கதவுல காத வெச்சேன். பேசிக்கினே இருக்கான்... நடுநடுவுல நிறுத்தறான்...

ஒருத்தர் பதில் சொல்லி முடிக்கற நேரத்துக்கு நிறுத்தறான்பா.