வேலை கிடைத்துவிடும் என்ற பயம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நேற்று, இங்கே கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த அறுபது வயதுக்காரர் தன் நண்பரிடம், "வேலை கிடைச்சிடுமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார்.

"என்ன அண்ணை, பக்டரி மூடின கையோட ரிட்டயர் எண்டு பார்ட்டியும் வைச்சனீங்களே?"

"ஓமடாப்பா. வேலை இல்லாதாக்களுக்குக் குடுக்கிற ஈ.ஐ. காசுக்குப் பதிஞ்சன். வேலை தேடினால்தான் தருவினமாம். பேருக்கு நாலு இடத்துக்கு எழுதிப் போட்டன். ஒருத்தன் இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிட்டான்."

"போகாமல் விடுங்கோவன்."

"விட்டால் காசு நிண்டிடும்."

"வீட்டில அக்கா என்ன சொல்லுறா?"

"அவதான் இன்ரவியூவுக்கெண்டு கழுத்தில இந்த ரையைக் கட்டி விட்டவ. நாள் முழுக்க நான் வீட்டில நிண்டது போதுமாம்."

அடுத்த நிறுத்தத்தில் அவர் ரையைத் தளர்த்திக்கொண்டு இறங்கினார்.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை ஒருக்கா சத்தமாய் வாசி, நானும் சிரிக்கவேணும்.