எடுத்து வைத்த அரை நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, கீழே அமர்ந்திருப்பதால் சிறியவர்கள் ஆகிவிடாத பெரியவர்களே, முன்வரிசையில் இருக்கும் கமா சாரின் துணைவியார் அவர்களே, நாற்காலி காலியாக இருந்தும் கதவோரம்தான் நிற்போம் என்று பிடிவாதம் பிடிக்கும் பழைய மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தக் கல்லூரியில் மணியடிக்கிறவனின் வணக்கம்.

நம் முதல்வர் அவர்களைத் தனியாக வணங்க வேண்டும். இந்தப் பேச்சு மன்றம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் மாணவராக வந்து சேர்ந்தவர் அவர். முதல் நாள் இதே மேடையில் ஏறி "அவையோருக்கு வணக்கம்" என்று மூன்று முறை சொன்னார். நான்காவது வணக்கம் வருவதற்குள் இறங்கிப் போய்விட்டார். அதே மனிதர் இன்று முக்கால் மணி நேரம் பேசினார். கையில் மணியில்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதோ, மன்றச் செயலாளரான மாணவி மணல் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவை கவிழ்த்தால் ஐந்து நிமிடம். மூன்று தடவை கவிழ்ப்பாள்; கடைசி மணல் இறங்கியதும் மணி அடிப்பாள். முப்பத்தோரு வருடம் நான் பிறருக்கு அடித்த மணி அது. எனக்கென்று வந்ததும் தயங்காதே கண்ணு, ஓங்கி அடி.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? பேச்சு மன்றத்தைத் தொடங்கியவர், வளர்த்தவர், கணக்குப் பேராசிரியர், மறைந்த நம் கமா சார் அவர்களுக்காக. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று புதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மேடையில் மூச்சு முட்டித் திணறுகிறவர்களிடம், "கமா வந்தா நில்லு. உலகம் எங்கயும் ஓடிடாது" என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மாணவராக இருந்தபோது ஆறு நண்பர்களோடு தொடங்கினார். ஏழு பேர், பதினான்கு நாற்காலி. "எதுக்கு சார் மீதி ஏழு?" என்று கேட்டேன். "வராதவங்க வெட்கப்படணும்ல, அதுக்கு" என்றார். வியாழக்கிழமை நாலரை மணிக்குக் கதவை மூடு என்றார். ஏழு பேரானாலும் மூடு, எழுபது பேரானாலும் மூடு. தோற்றவன்தான் நன்றியுரை சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார். போன வருடத் தலைவன் இந்த வருடம் நாற்காலி போட வேண்டும் என்று விதி வைத்தார். பதவி போன மறுநாளே நாற்காலி தூக்கினால் எவனுக்குத் தலை கனக்கும்? அடுத்த கூட்டத்தின் தலைப்பைச் சொல்லாமல் இந்தக் கூட்டத்தை முடிக்காதே என்றார். நடுவில் இரண்டு வருடம் மேற்படிப்புக்காக ஊரைவிட்டே போனார். மன்றம் ஒரு வியாழக்கிழமைகூட நிற்கவில்லை. ஆள் இல்லாமலும் ஓடும்படி ஒன்றைக் கட்டுகிறவனைத்தானே தலைவன் என்று சொல்ல வேண்டும்?

நான் படிப்பை ஆறாம் வகுப்போடு விட்டவன். என்னைக் கூப்பிட்டு, "மணியண்ணே, இந்த மன்றத்துல நீங்கதான் நீதி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் ஊதுகிற உதவியாளர் செய்துகொடுத்த இந்த மணல் கடிகாரத்தை என் கையில் வைத்தார். மேலே தக்கை, தக்கைமேல் சிவப்பு அரக்கு. அலுவலகச் சுவர்க்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்து நானே பத்து முறை ஓட்டிப் பார்த்தேன். பத்து முறையும் ஐந்து நிமிடம், பிசகில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு கர்வம். துறைத்தலைவர் மகன் பேசினாலும் மணல் இறங்கினால் மணி. அழுகிற பிள்ளை பேசினாலும் மணல் இறங்கினால் மணி.

மேற்படிப்பு முடிந்து திரும்பி வந்தபின் இன்னொரு விதியும் வைத்தார். மேடை ஏறுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். பின்னாளில் செல்போனும் கூடைக்குப் போனது. கேட்கிறவர்களும் போட வேண்டும். "பேசறவன் முகத்தைப் பார்க்கணும், முள்ளைப் பார்க்கக் கூடாது" என்றார். எவ்வளவு உயர்ந்த எண்ணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போதுதான் அந்தக் கூடையின் அர்த்தம் எனக்குப் புரிகிறது.

நல்லவற்றைச் சொல்லிவிட்டேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. இனிச் சொல்லப் போவதிலும் பொய்யில்லை.

இந்தக் கூட்டத்துக்காகக் கோப்பைகளைத் துடைத்து வைக்கலாம் என்று நானும் செயலாளர் பெண்ணும் திங்கட்கிழமை மன்றத்து அலமாரியைத் திறந்தோம். நாற்பத்திரண்டு கோப்பைகள். எல்லாவற்றுக்கும் பின்னால் விரல் நீளத்தில் ஒரு சீசா. உள்ளே கொஞ்சம் மணல். மேலே ஒட்டியிருந்த தாளில் கமா சாரின் கையெழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கூட்டினேன். 'அரை நிமிடம்.'

அவ்வளவுதான் எழுதியிருந்தது. கீழே தேதி. மேற்படிப்பு முடிந்து ஆசிரியராகத் திரும்பி வந்த மாதம்.

செயலாளர் பெண் செல்போனில் நேரம் வைத்தாள். நான் கடிகாரத்தைக் கவிழ்த்தேன். நாலரை நிமிடம். "உன் போன் சரியில்ல" என்றேன். என் போனில் வைத்தாள். நாலரை. அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன், அதே சுவர்க்கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலரை.

அந்த மாதம் அரக்கு புதிதாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. "என்ன சார், அரக்கு பளபளக்குது?" என்று கேட்டேன். "தூசி உள்ள போகுதுண்ணே" என்றார். தூசி உள்ளே போகவில்லை. மணல்தான் வெளியே வந்திருக்கிறது.

எதற்காகச் செய்தார்? உங்களுக்கே புரிந்திருக்கும். வெளிக் கல்லூரிப் போட்டிகளில் மற்ற பிள்ளைகள் முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நம் பிள்ளைகள் நாலரை நிமிடத்தில் முடித்துப் பழகியவர்கள். சிரித்துக்கொண்டே, வணக்கம் சொல்லி, நடந்து இறங்குவார்கள். "உங்க பசங்களுக்கு என்னய்யா சாப்பாடு போடறீங்க?" என்று மற்ற வாத்தியார்கள் கேட்பார்கள். கோப்பை கோப்பையாக வந்தது. கெட்டிக்காரத்தனம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு யாருடைய நாக்கு வாடகைக்குப் போனது?

மூன்றாம் வரிசையில் கறுப்புக் கோட்டோடு ஒரு வக்கீலம்மா இருக்கிறார். இருபத்துநாலு வருடம் முன்பு இந்த மன்றத்தில் அவரைப் போலப் பேச ஆளில்லை. பெரிய போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற நாள். தன் வாதத்தை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, முடிவைச் சொல்லப் போனவர், "ஆகவே" என்றார். மணல் இறங்கிவிட்டது. நான் மணி அடித்தேன்.

"அண்ணே, இன்னும் அரை நிமிஷம் இருக்கு" என்றார்.

"இல்லம்மா, முடிஞ்சுபோச்சு."

"நான் வீட்டுல கடிகாரம் வெச்சு இருபது தடவை பேசிப் பார்த்தேன். நேரம் எனக்குத் தெரியும்."

"உங்க வீட்டுக் கடிகாரம் ஓடுதா, நடக்குதா?"

கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பொலி கேட்டால் வாய் நிற்காது, அது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க பொய் சொல்றீங்க, இல்ல அந்தக் கண்ணாடி பொய் சொல்லுது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "என் பொண்ணு மேல சத்தியம், அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றேன். அதோடு விட்டேனா? "இவங்க வாய்தான் அரை நிமிஷம் நீளம்" என்றும் சேர்த்தேன். மறுநாளிலிருந்து அவருக்கு 'அரை நிமிஷம்' என்றே பெயராகிவிட்டது. நான் வைத்த பெயர். அடுத்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. பிறகு எந்த வியாழக்கிழமையும் வரவில்லை.

நான் சத்தியம் செய்தபோது கமா சார் எங்கே இருந்தார்? எனக்குப் பக்கத்து நாற்காலியில். ஒரு முழம் தூரம். என்ன செய்தார்? கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அன்று கூடத்தைப் பூட்டும்போது கேட்டேன். "சார், நம்ம மணல் சரியாத்தானே ஓடுது?" அவர் என் தோளில் கை வைத்து, "உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு மணியண்ணே" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறொன்றைச் சொல்வது வாதத்தில் பெரிய குற்றம் என்று பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். நானும் மூலையில் நின்று வருடா வருடம் கேட்டிருக்கிறேன். என்னிடம் செய்தபோது எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அதே மாதம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். நான் பயப்படவே இல்லை. சத்தியம் உண்மைதானே என்ற தைரியம். அவளுக்கு இப்போது இருபத்தேழு வயது, என்னையே அதட்டுகிற அளவுக்கு ஆரோக்கியமாக இருக்கிறாள். எனக்கு இப்போது போய்ப் பயம் வருகிறது.

கமா சார், அந்தப் படத்திலிருந்து சிரிக்காதீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து பொய் சொல்லியிருப்பேனே. சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். பிள்ளை மேல் சத்தியம் மட்டும் செய்திருக்க மாட்டேன். தெரிந்து பொய் சொல்ல எனக்குத் தெரியும் சார், ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. தெரியாமல் சொல்ல வைத்துவிட்டீர்களே, அதுதான் ஆறவில்லை. நீதி என்றீர்கள். நான் நீதியில்லை, அரக்கு. உள்ளே என்ன குறைகிறது என்று தெரியாமல் மேலே இருந்து மூடிக்கொண்டிருந்த அரக்கு.

சொல்ல நேரமில்லையா? ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்திருந்தார். ஒன்பது நாளும் போனேன். கடைசி நாளில், "மணியண்ணே, மணல் பத்திரம்" என்றார். கடிகாரத்தைச் சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எதைச் சொன்னார்? எந்த மணலை? முழுதாகச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிடம் போதுமே.

இதையெல்லாம் இந்த மேடையில் பேசலாமா என்று இன்று காலை சார் வீட்டுக்குப் போய், இதோ முன்வரிசையில் இருக்கும் அம்மாவிடமே கேட்டேன். சீசாவைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "பேசுங்கண்ணே. எங்க வீட்டுக் கடிகாரத்தையும் பத்து நிமிஷம் முன்னாடிதான் வெச்சிருந்தார். கல்யாணம் ஆகி ஏழு வருஷம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். அதுவரைக்கும் ஓடி ஓடிச் சமைச்சேன்" என்றார். சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் இரண்டையும் செய்தேன்.

வக்கீலம்மாவுக்கும் போன் செய்தேன். "மணி பேசறேம்மா." "எந்த மணி?" "அடிக்கிற மணி." அவரே கேட்டார்: "அரை நிமிஷமாண்ணே?" ஆமாம் என்றேன். "நீதிபதி போதும்னு கையைக் காட்டினா, இன்னைக்கும் உங்க மூஞ்சிதான் அண்ணே எனக்குத் தெரியுது" என்றார். இத்தனை பேர் முன்னால் கேலி செய்தேன். இத்தனை பேர் முன்னால் கேட்டுக்கொள்கிறேன். அன்று நீங்கள் சொன்னதுதான் சரி. கண்ணாடி பொய் சொன்னது. நானும் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும்.

கமா சாரை நான் மன்னித்துவிட்டேனா என்று வாசலில் இரண்டு பேர் கேட்டார்கள். இல்லை. அவர் கட்டிய மன்றத்தை விட்டுப் போய்விடுவேனா? அதுவும் இல்லை. வரும் வியாழக்கிழமை நாலரைக்குக் கதவு மூடும். தோற்றவன் நன்றி சொல்வான். பழைய தலைவன் நாற்காலி போடுவான். ஆனால் கூட்டம் தொடங்குமுன் உங்கள் எல்லோர் கண்முன்னாலும் அரக்கை உடைத்து, இந்த மணலைக் கொட்டி முழுசாக்குவேன். கூடையைத் தூக்கிவிடுவேன், கைக்கடிகாரம் கையிலேயே இருக்கட்டும். கோப்பை குறைந்தால் குறையட்டும். நாற்பத்திரண்டைத் துடைக்கவே கை வலிக்கிறது.

அடித்துவிட்டாயா கண்ணு? நல்லது. சரியான நேரத்தில்தான் அடித்தாய், அந்தக் கடிகாரப்படி. மூன்று தடவை கவிழ்த்தாய். தடவைக்கு அரை நிமிடம். எனக்குச் சேர வேண்டிய ஒன்றரை நிமிடம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதில் ஒரு நிமிடம் கமா சாருக்கு. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நேரத்தை முதல்வர் அவர்கள் தம் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொல்லட்டும்.

உட்காருங்கள். மிச்சம் இருப்பது அரை நிமிடம். அது என்னுடையதில்லை. வக்கீலம்மா, மேடைக்கு வாருங்கள். மணியை எடுத்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "ஆகவே" என்று நிறுத்தியிருந்தீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.