குடுக்கைக்கு வந்த எறும்பு

எறும்புக்குக் கருப்பட்டி என்றால் உயிர், ஐயா. அதிலும் உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி ஒரு துணுக்கு கீழே விழுந்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ, சாரைசாரையாக வந்துவிடும். உங்கள் வீட்டு வராந்தாவில் மாட்டியிருக்கும் சுரைக்குடுக்கைக்கு எறும்பு ஏன் வருகிறது என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் இவ்வளவுதான். இதற்காக இந்த நேரத்தில் விடுதிக்கு ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாம். ஆனாலும் நல்லதுதான், எனக்கும் தூக்கம் வரவில்லை. நாளைக் காலையில் கலெக்டர் துரை கையால் பதக்கம். எப்படித் தூக்கம் வரும்?

விளக்கைக் கொஞ்சம் தாழ்த்துகிறீர்களா? கண் கூசுகிறது. தையற்காரர் இன்று சாயங்காலம்தான் கோட்டைக் கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றவே மனமில்லாமல் அதோடு படுத்திருந்தேன். நீங்கள் கூப்பிட்டதும் அப்படியே வந்துவிட்டேன்.

நீங்கள் இந்தக் கல்லூரிக்குக் குருவானவராக வந்தது போன வருஷம்தான். அதனால் அந்தப் பதக்கத்தின் அருமை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அசல் வெள்ளி. ஒரு பக்கம் ஜெயித்தவன் பெயரும் 1909 என்ற வருஷமும். மறு பக்கம் மூன்று வார்த்தைகள்: தேகம், புத்தி, ஊழியம். விளையாட்டில் முதல்வனாக இருக்க வேண்டும், பரீட்சையில் முதல்வனாக இருக்க வேண்டும், ஊராருக்கு ஏதாவது நன்மை செய்திருக்க வேண்டும். மூன்றும் ஒருவனிடம் இருந்தால்தான் பதக்கம். ஓட்டத்திலும் நீச்சலிலும் என்னை வெல்ல ஆளில்லை. எப்.ஏ. வகுப்பில் கணக்கு, சரித்திரம் இரண்டிலும் நான்தான் முதல். மூன்றாவதுதான் இடித்தது.

என்னோடு படிக்கும் கிருபைராஜுக்கு அந்த மூன்றாவது இருந்தது. தோட்டிகள் தெருவில் ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்துகிறான். ஓட்டத்திலும் படிப்பிலும் இரண்டாமவன். ஆனால் பிரின்சிபால் துரை, "ஊழியத்தில் முதல்வன், மற்றதில் இரண்டாமவனாக இருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி விடுதிச் சாப்பாட்டில் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே நேசையா, போன வருஷம் பதக்கம் வாங்குனவன் காலராவுல செத்தவங்களத் தூக்கிப் போட்டாம்லே. இந்த வருஷம் காலராவும் வரல, வெள்ளமும் வரல. நீ யாரைலே தூக்கப் போற?"

"நம்ம சமையக்காரரத் தூக்கச் சொல்லு. சோத்துக்குப் புண்ணியமாப் போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர்கள் சொன்னது உண்மை. ஊரில் ஒரு கஷ்டமும் இல்லாத வருஷம், ஐயா. நல்ல மழை, நல்ல விளைச்சல். ஊழியம் செய்ய விரும்புகிறவன் என்ன செய்வான்?

முயற்சி செய்யாமல் இல்லை. முருகன்குறிச்சிப் பக்கம் மாரித்தாய் என்று ஒரு விறகுக்காரி, சுமையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் அவள் தலையிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன். நான் நடப்பதே மற்றவர்களுக்கு ஓட்டம். திரும்பிப் பார்த்தால் அவள் பின்னாலேயே ஓடி வருகிறாள்: "ஏ களவாணிப் பயலே, வெறவ எங்கலே தூக்கிட்டு ஓடுத? காலேசுப் பிள்ளன்னு பேரு, களவாங்கதப் பாரு!" இன்னொரு நாள் புகையைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டது என்று ஓடி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். சுடலையாண்டி என்ற தோட்டக்காரர் காலையிலிருந்து கூட்டிச் சேர்த்த சருகை அப்போதுதான் கொளுத்தியிருக்கிறார். அவர் வைதது இன்னும் காதில் இருக்கிறது.

சிரியுங்கள் ஐயா. நானும் அப்போது சிரித்தேன். கஷ்டம் தானாக வராது, அதை நாம்தான் சின்னதாக, ஒருவருக்கும் சேதமில்லாமல் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்தச் சிரிப்பின் நடுவில்தான். தோன்றியதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடுதியிலிருந்து ஆறு வரைக்கும் ஓடிப்போய்க் குதித்து, அக்கரைக்கு நீந்தி, திரும்பி வந்தேன்.

குடுக்கை நீச்சல் நம் கல்லூரியில் மட்டும் உள்ள வழக்கம். தண்ணீரில்லாத ஊர்களிலிருந்து வந்து அந்த வருஷம் நீச்சல் பழகிய பிள்ளைகள், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு விளையாட்டு விழாவன்று தாமிரவருணியைக் கடப்பார்கள். துரைமார், துரைசானிமார், ஊர்ப் பெரிய மனிதர் எல்லோரும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆற்று நடுவிலிருக்கும் கல் மண்டபத்தின் மேல் நின்று காவல் பார்ப்பதும் நான்தான். மண்டபத்துப் பக்கத்தில் ஒருவன் தத்தளித்தால், நான் குதித்து அவனைத் தூக்கிவந்தால், அத்தனை பேர் கண்முன்னால் நடந்த ஊழியத்தை யாரால் இல்லை என்று சொல்ல முடியும்?

பாக்கியசீலனைத் தேர்ந்தெடுத்ததற்குக் கோபம் ஏதும் காரணமில்லை. அவன் எடை குறைவு. இழுத்து வருவது சுலபம். மேலும் அவன் நான் சொன்னதைக் கேட்பான். திருச்செந்தூருக்கு இந்தப் பக்கம் தேரிக்காட்டுப் பையன், பனையேறி மகன். ஊற்றுத் தோண்டினால்தான் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர். முதல் நாள் ஆற்றங்கரையில் நின்று, "இம்புட்டுத் தண்ணியும் யாருக்குண்ணே?" என்று கேட்டான். "உனக்குத்தாம்லே" என்றேன். அன்றிலிருந்து என் பின்னாலேயே சுற்றினான். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவன் அம்மா காய்ச்சிய கருப்பட்டியை ஓலைக்கொட்டானில் கொண்டுவந்து என் பெட்டியில் வைப்பான்.

குடுக்கையின் வாயைத் தேன்மெழுகால்தான் அடைப்பது. தோணிக்காரர் முகம்மது மைதீன் அண்ணாச்சியின் வேலை அது. பழைய மெழுகும் கருப்பட்டியும் பார்வைக்கு ஒரே நிறம். நான் பாக்கியசீலனுடைய குடுக்கையிலிருந்து மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கருப்பட்டியை இளக்கி அடைத்தேன். கடையில் வாங்கவில்லை, அவன் கொடுத்ததே இருந்தது. முதலில் விடுதித் தொட்டியில் வேறு குடுக்கைகளைப் போட்டுச் சோதித்தேன். கடிகாரம் இல்லாததால் வாய்பாடு சொல்லிக் கணக்கு வைத்தேன். பதினொன்றாம் வாய்பாட்டில் ஆரம்பித்து நிதானமாகப் பதினாறாம் வாய்பாட்டை முடிக்கும்போது கருப்பட்டி கரைந்து 'களுக்' என்று தண்ணீர் உள்ளே போகும். கரையிலிருந்து மண்டபத்துக்கு அவன் நீந்தி வர அதே நேரம்தான் ஆகும். இவ்வளவு அழகாக ஒரு கணக்கு எனக்குப் பரீட்சையில்கூட வந்ததில்லை.

விழாவன்று அவன் முதுகில் குடுக்கையைக் கட்டிவிட்டதும் நான்தான்.

"பயமா இருக்குண்ணே."

"எதுக்குலே பயப்படுத? நடுவுல நாம்லா நிக்கேன்."

"நீங்க நிக்கியள்லா? அப்பம் சரி."

நான் நீந்திப் போய் மண்டபத்தின் மேல் ஏறினேன். பிள்ளைகள் மார்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். பாண்டு வாத்தியம் நின்றது. நீங்கள் ஜெபம் பண்ண எழுந்தீர்கள்.

ஜெபத்தை நான் மறந்துவிட்டேன், ஐயா. தினமும் ஜெபத்தோடு எழுந்து ஜெபத்தோடு சாப்பிட்டு ஜெபத்தோடு படுக்கிறவன், அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் சக்கரவர்த்திக்காக ஜெபித்தீர்கள். கலெக்டர் துரைக்காகவும், வரப்போகும் அவர் குழந்தைக்காகவும் ஜெபித்தீர்கள். பாபநாசத்து மலையில் பெய்த மழைக்காக ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அங்கிருந்து சீன தேசத்துக்குப் போனீர்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள், குடுக்கைகளும் தண்ணீரிலேயே இருந்தன. ஒருவன் குனிந்து இன்னொருவனைக் கிள்ளினான். பாக்கியசீலன் மட்டும் கை கூப்பி அசையாமல் நின்றான்.

நீங்கள் ஆமென் என்றதும் பாண்டு முழங்க, கரையெல்லாம் கூச்சல். எல்லோரும் பாய்ந்தார்கள். நான் பதினொன்றாம் வாய்பாட்டை ஆரம்பித்தேன்.

பன்னிரண்டாம் வாய்பாட்டில் இருக்கும்போது அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். மண்டபத்துக்கு வெகு தூரம் முன்னால், ஆழமான இடத்தில். அவன் என்னைப் பார்த்தான். கையை உயர்த்தினான். நான் பார்த்தேன் என்பது அவனுக்குத் தெரியும்.

அப்போது கரையில் இருந்தவர்கள் முன்னால் போகிற பையனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபால் துரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கலெக்டர் துரைசானி குடையைத் தாழ்த்திப் பக்கத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஒருவரும் பார்க்காதபோது குதித்தால் அதற்குப் பெயர் ஊழியமா, குளியலா? அதனால் குடை நிமிரும்வரை பொறுத்தேன். அதிகம் இல்லை, ஐயா. பதிமூன்றாம் வாய்பாடு முடிந்தது, அவ்வளவுதான்.

பிறகு நான் குதித்த குதியை எல்லோரும் பார்த்தார்கள். அப்படி ஒரு நீச்சல் நான் எந்தப் பந்தயத்திலும் நீந்தியதில்லை. அவன் இருந்த இடத்தில் அவன் இல்லை. முங்கினேன், எழுந்தேன், மறுபடி முங்கினேன். முகம்மது மைதீன் அண்ணாச்சி தோணியைக் கொண்டுவருவதற்கு முன்னால் அவனைக் கண்டுபிடித்து, தோளில் போட்டுக் கரையேற்றியது நான்தான். அவன் அப்போதே போய்விட்டான் என்று டாக்டர் சொன்னார். ஆனால் நான் முங்கி முங்கி எழுந்ததைப் பார்த்துத் துரைசானி அழுதுவிட்டார். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. கிருபைராஜே எழுந்து, "பதக்கத்த நேசையாவுக்குத்தான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

அடக்கத்துக்கு அவன் அம்மா சாரம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எய்யா, எம்பிள்ளய ஆத்தோட போவவிடாம எங்கையில கொண்டாந்து குடுத்தியே. நீ நல்லா இருப்ப ராசா" என்றாள். அவளிடம் கொடுப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஒரு கொட்டான் கருப்பட்டி கொடுத்தாள். அதை எறும்பு ஏறாமல் உறி கட்டி வைத்திருக்கிறேன்.

முகம்மது மைதீன் அண்ணாச்சி பாக்கியசீலனுடைய குடுக்கையோடு உங்களிடம் வந்துபோனது தெரியும். மெழுகு சரியாக அடைக்கவில்லை என்று தோணி வேலையை விட்டு அவரை நிறுத்திவிட்டார்கள். "நான் வச்ச மெழுவு எங்கன போச்சு?" என்று போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பாவம். பதக்கம் வாங்கியதும் அவருக்காகத் துரையிடம் நானே ஒரு வார்த்தை பேசலாம் என்று இருக்கிறேன். அதுவும் ஊழியம்தானே?

என்னை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நான் அவனைச் சாகடிக்க நினைத்ததே இல்லை. காப்பாற்றத்தான் நினைத்தேன். இந்த ஊரில் அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு மாதமாக ராப்பகலாக யோசித்தவன் நான் ஒருவன்தான். என் கணக்கில் பிழை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

குடுக்கையை வேண்டுமானால் இப்போதே கழுவிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். நேரமாகிவிட்டது. அப்பா வள்ளியூரிலிருந்து உறவினர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு வண்டியில் வந்து சத்திரத்தில் இறங்கியிருக்கிறார். நாளை மேடையில் ஆரம்ப ஜெபம் நீங்கள்தானே, ஐயா? நாளைக்காவது கொஞ்சம் சுருக்கமாக முடித்துவிடுங்கள். காத்துக்கொண்டு நிற்பது ரொம்பக் கஷ்டம்.