சூரியனில்லா மூன்று நாள்களும் எங்கள் ஐயப் பேராசானும்

பழைய உரைகளின் பாதுகாவலரே! புதிய ஆய்வுகளைப் புரட்டிப் புரட்டிப் பிழை தேடும் புலனாய்வாளரே! எங்கள் வேதாகமக் கல்லூரியில் முப்பதாண்டுக்கு மேலாக ஆதித் திருச்சபையின் உரைகளைக் கற்பித்து, இன்று பணி நிறைவு பெறும் பேராசிரியப் பெருந்தகையே! வணக்கம்.

நூலகத்துக்குப் புதுநூல் வந்தால் பொருளடக்கம் பார்ப்போர் நாங்கள்; எழுதியவர் காலமாகி எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்று பார்ப்பவர் நீங்கள்! உயிரோடிருக்கும் எந்த அறிஞரையும் நீங்கள் நம்பியதில்லை. இவ்விழாவுக்கு அழைக்க வந்தபோதும், "என்னை அனுப்பி வைக்க எதுக்கு இவ்வளவு அவசரம்?" என்றே கேட்டீர்கள்.

ஐயத்தின் அரசே! நீங்கள் அதிகம் ஐயுற்றது, எபிரேயம் கற்பிக்க வந்த எங்கள் இளைய ஆசிரியையைத்தான். சுவருக்கு அப்பால் அவர் பேசத் தொடங்கினால் நீங்கள் பாடத்தை நிறுத்திவிட்டுச் சுவரில் காது வைப்பதை மாணவர் அறிவர். ஒருநாள் அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்தது: வேதத்தின்படி நான்காம் நாளில் சூரியன் படைக்கப்படுமுன் கழிந்த முதல் மூன்று நாள்களை நாம் அறிந்த நாள்களாகக் கொள்ளலாகாது. "வேதத்துலயே கை வைக்கிறாங்க!" என்று கொதித்தீர்கள். விசாரணைக் குழு கூடியது, புகார் கொடுத்த நீங்களே தலைவர். அவர் வேலை போய்விடும் என்றே எல்லோரும் எண்ணினோம்.

"சார், அது என் கருத்து இல்ல. நீங்க பாடம் நடத்துற பழைய உரையிலயே இருக்கு," என்றார் அவர். நீங்கள் நம்பவில்லை. அலமாரியைத் திறந்து, நூலை எடுத்து, அந்தத் தாள் பிற்பாடு ஒட்டப்பட்டதோ என்று வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தீர்கள்! தாள் பழையதே; அவர் சொன்ன வரியும் அதில் இருந்தது. "இத்தனை வருஷமா இந்தப் பக்கத்த மட்டும் வேகமாத் தள்ளிட்டு வந்திருக்கேன். புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்மா. ஆனா இனி உங்க வகுப்புக்கு வருவேன். நம்பிக்கை வந்துட்டதுனால இல்ல."

வந்தீர்கள், நேர்மையின் நெடுங்குன்றே! கைகட்டி அமர்ந்து சொல்லுக்குச் சொல் ஆதாரம் கேட்டீர்கள். அவரும் விடாமல் உங்களைத் திருப்பிக் கேட்டார். வேவு பார்க்கிறீர்களோ என்று நாங்கள் ஐயுற்றோம். உங்கள் பழைய உரை வகுப்பை இனி யாரிடம் தருவது என்று நிர்வாகம் கேட்டபோது, அவரைத்தான் சொன்னீர்கள். "என்னை இவ்வளவு சந்தேகப்பட்டவங்க வேற யாரும் இல்ல," என்று காரணமும் காட்டினீர்கள்.

நோயின்றி, நிறைந்த ஆயுளோடு நீடூழி வாழ்க! இவ்வாழ்த்தை எழுதியது யார், உள்நோக்கம் என்ன என்று ஆராய்வீர்கள், அறிவோம். எழுதியவர், அன்று விசாரணையில் நாற்காலி தரப்படாமல் உங்கள் முன் நின்றவர். உள்நோக்கமும் உண்டு: ஓய்வுக்குப் பிறகும் நீங்கள் அவர் வகுப்புக்கு வர வேண்டும். அவரை நம்ப நாங்கள் இருக்கிறோம், ஐயா, சந்தேகிக்கத்தான் ஆளில்லை.

இங்ஙனம்,
உங்களை இன்னும் முழுதும் நம்பாத, என்றும் மதிக்கும்
கல்லூரி ஆசிரியர், அலுவலர் அனைவரும்