வளைவில் ஒரு முனீஸ்வரன்

"போலீஸ் கை காட்னா நிக்காத லாரி, முனீஸ்வரனப் பாத்தா நிக்கும் மாமே."

ஆவடி பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அயனம்பாக்கம் பக்கம் பிராந்தி ஃபேக்டரி வரப்போகிறதாம். லாரியெல்லாம் பள்ளிக்கூட வளைவில்தான் திரும்ப வேண்டுமாம்.

"ஸ்பீடு பிரேக்கர் கேட்டோம். பாட்டில் ஒடையும்னு மொதலாளி ஒத்துக்கல. அதான் வளைவுல முனீஸ்வரன் கல்லு நட்டுட்டோம். எந்த டிரைவரும் படைக்காம தாண்ட மாட்டான்."

"இன்னா படைப்பான்?"

"சுருட்டு, சாராயம். அதான் லாரி நெறைய இருக்குமே."

"படைச்சத யாரு குடிப்பா?"

"படைச்சவன்தான். சாமி பிரசாதமாச்சே."

"குடிச்சிட்டு லாரிய எடுப்பானே, பசங்க ரோட்டத் தாண்டுற எடமாச்சே அது?"

முன்சீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முனீஸ்வரன் பாத்துப்பாரு."