கிணற்றடித் தொட்டியில் விட்ட நத்தைகள்

பெயர் அம்பிகா, வயது 47, க/பெ ஆதிகேசவன், விவசாயக் கூலி, மோட்டுத் தெரு, கீழ்ப்பட்டரை கிராமம், ஆம்பூர் வட்டம்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். கல்லூரிப் பெண் மெர்சி கால்வாயில் கட்டிவைத்த நத்தை வலையை தோல் பதனிடும் டேனரியின் வாட்ச்மேன் ஃபைஸான் எடுத்ததாகப் புகார் ஆகி, அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அங்கே கட்டக் கூடாது என்று அவர் முன்பு சத்தம் போட்டதால் அவர்மேல் சந்தேகம். வலையை எடுத்தது நான்தான், அவர் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை மாட்டுக்குப் புல் அறுக்கக் கால்வாய்ப் பக்கம் போனேன். டேனரித் தண்ணீர் வந்து விழும் இடத்தில் குச்சி நட்டு வலைப்பை கட்டியிருந்தது. உள்ளே நத்தைகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் நத்தையைப் பிடித்ததும் சமைக்க மாட்டோம். பையில் கட்டி நல்ல தண்ணீரில் போட்டுவைத்தால் சேற்றைக் கக்கிவிடும், அதன் பிறகுதான் குழம்பு வைப்போம். யாரோ கறிக்குத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நாறுகிற தண்ணீரில் போய் எந்தப் புத்திசாலி கட்டினான் என்று கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தின்கிறவர்கள் வயிறு கெட்டுவிடுமே என்று அவிழ்த்து வந்து எங்கள் கிணற்றடித் தொட்டியில் விட்டேன். தெருவில் விசாரித்தேன், யாரும் உரிமை கேட்டு வரவில்லை.

அதன் பிறகு பார்த்தால் ஒவ்வொன்றின் ஓட்டிலும் நகப்பாலிஷ் புள்ளி இருந்தது. கறி நத்தைக்கு எதற்கு அலங்காரம் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். குழம்பு வைக்க மனம் வரவில்லை. தினமும் கீரைத் தண்டு போட்டு வேடிக்கை பார்ப்பேன். நீலப் புள்ளி வைத்தது மட்டும் வெயில் ஏறினால் சுவரில் ஏறி உட்காரும். சில வாரம் கழித்து மிளகு அளவில் குட்டிகளும் ஊர்ந்தன. பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் ஹேமலதா, "இன்னாமா, எனக்கு முன்னாடி இதுங்க பெத்துக்கிச்சு" என்று கேலி செய்தாள்.

ஃபைஸான் சங்கதி காதுக்கு வந்ததும் மெர்சியைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் வந்து புள்ளிகளைப் பார்த்துத் தன்னுடையவைதான் என்றார். கடற்கரை அலையாத்திக் காடுகளில் சேற்றில் உள்ள உலோகத்தை நத்தையின் உடம்பை வைத்துக் கண்டுபிடிப்பார்களாம். அதேபோல் டேனரித் தண்ணீரில், தோல் பதப்படுத்தப் போடும் குரோமியம் என்கிற நஞ்சு எவ்வளவு என்று பார்க்கத்தான் கட்டினாராம். "நல்ல தண்ணிக்கு மாத்தி எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே அக்கா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு பெரியது, குட்டி, தொட்டித் தண்ணீர் எல்லாம் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேலூருக்கு எடுத்துப் போனார்.

நேற்று திரும்பி வந்தார். கால்வாயையே பார்க்காத குட்டிகளிலும் குரோமியம் இருக்கிறது, தொட்டித் தண்ணீரிலும் இருக்கிறது என்றார். தொட்டிக்கு எங்கிருந்து தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டார். கிணற்றிலிருந்து என்றேன். "குடிக்கிறதுக்கு?" என்று கேட்டார். நான் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். அப்போது ஹேமலதா உள்ளே குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள்.

மெர்சி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஃபைஸானை மறுபடி வேலையில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கிணற்று விஷயம் இந்தப் புகாரில் வராது என்று இதை எழுதும் ஏட்டய்யா சொன்னார். வராவிட்டாலும் எழுதுங்கள் என்றேன். என் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஆ. அம்பிகா